பக் விட்டுச்சென்ற பி.டி. பீரியட்

சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டி அண்ணா சாலையில் நந்தனம் பக்கம் வந்தால், வலக்கைப் பக்கம் பெரிய வளாகம் ஒன்று வரும். உள்ளே பழைய மரங்கள், அகலமான மைதானங்கள். ஆட்டோக்காரரிடம் "ஒய்.எம்.சி.ஏ. கிரவுண்டு" என்றால் போதும், வேறு விலாசம் வேண்டாம். அண்மை ஆண்டுகளில் ஜனவரி மாதத்துப் புத்தகக் காட்சி நடப்பது அங்கேதான். பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிப் போகிறவர்களுக்கும் அந்த இடம் தெரியும், பொதுக்கூட்டத்துக்கு லாரி ஏறி வருகிற கட்சிக்காரர்களுக்கும் தெரியும். புத்தகப் பையும் கையில் பஜ்ஜியுமாக வெளியே வருகிற கூட்டத்தில், அது ஓர் உடற்கல்விக் கல்லூரி என்பதை நினைத்துப் பார்க்கிறவர்கள் சிலர்தான்.

1920-இல் ஐந்தே மாணவர்களோடு அந்தக் கல்லூரியைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக். அமெரிக்காவின் பென்சில்வேனியாக்காரர், 1884-இல் பிறந்தவர். அவர் பாதிரியார் அல்ல, பிரசங்கம் செய்து பெயர் வாங்கியவரும் அல்ல. புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவம் தனக்குள்ளேயே நடத்திக்கொண்ட ஒரு சீர்திருத்தம் உண்டு. மனிதனின் உடம்பையும் ஆண்டவருக்கு உகந்த பொருளாக எண்ணத் தொடங்கிய சீர்திருத்தம் அது. அதை மதராசில் நிலைநாட்டி, வாத்தியார் பயிற்சியாகவே மாற்றியவர் பக். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோரும், எந்த மதமானாலும், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அந்தச் சீர்திருத்தத்தின் கையில் அகப்பட்டிருக்கிறோம். நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் பி.டி. பீரியட்.

டிரில் மாஸ்டர் காலம்

பக் வருவதற்கு முன்னால் இங்கே உடற்பயிற்சியே இல்லை என்று சொன்னால் அது பொய். சிலம்பக் கூடம் இருந்தது, குஸ்தி கோதா இருந்தது, தண்டாலும் பஸ்கியும் இருந்தன. நிலா வெளிச்சத்தில் சடுகுடு ஆடாத ஊர் ஏது? ஆனால் அவையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருந்தன. வாத்தியார் வேறு, உஸ்தாத் வேறு. படிக்கிற பையன் உடம்பை வருத்த வேண்டியதில்லை, உடம்பை வருத்துகிறவன் படிக்க வேண்டியதில்லை என்ற எழுதாத சட்டம் ஒன்று நம் சமூகத்தில் இருந்தது. வியர்வைக்கும் சாதி இருந்த காலம்.

1882-இல் அமைந்த ஹண்டர் கல்விக் கமிஷன், பள்ளிகளில் நாட்டு விளையாட்டுகளையும் தேகப் பயிற்சியையும் டிரில்லையும் ஊக்குவிக்கச் சொன்னது. சொன்னதில் அதிகம் நடைமுறைக்கு வந்தது டிரில் மட்டும்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சிப்பாய்கள் பல பள்ளிகளில் சொற்பச் சம்பளத்துக்கு டிரில் மாஸ்டராகச் சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார்கள். வரிசையில் நில், இடப்பக்கம் திரும்பு, கரளாக்கட்டையைச் சுழற்று, டம்பெல்லைத் தூக்கு. கையில் பிரம்பு. பையன்களுக்கு அது இன்னொரு தண்டனை வகுப்பு. மற்ற ஆசிரியர்களுக்கு அந்த மாஸ்டர், ஆசிரியர் என்ற கணக்கிலேயே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விளையாடலாமா?

புராட்டஸ்டன்ட் மதத்துக்கும் விளையாட்டுக்கும் ஆதியில் சுமுகம் கிடையாது. 1618-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் ஜனங்கள் ஆடலாம், அம்பு விடலாம் என்று ஒரு பிரகடனம் வெளியிட்டார். பியூரிட்டன் பிரிவினர் கொதித்துப் போனார்கள். ஓய்வுநாளில் விளையாடுவது பாவம் என்பது அவர்கள் கட்சி. அவர்கள் கை ஓங்கியதும், 1643-இல் நாடாளுமன்றமே அந்தப் பிரகடனத்தைப் பொது இடத்தில் எரிக்க உத்தரவிட்டது. ஆன்மாவுக்கு வேதம், மூளைக்குப் பள்ளிக்கூடம், உடம்புக்கு அடக்கம். இதுதான் நெடுங்காலம் அவர்கள் வகுத்த பங்கு.

அது மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். தொழிற்புரட்சி கிராமத்து இளைஞர்களை லண்டனுக்கு இழுத்துவந்து கடைகளிலும் ஆலைகளிலும் அடைத்தபோது, சாராயக் கடைக்குப் போகாமல் அவர்களைக் காப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது. ஜவுளிக் கடையில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் 1844-இல் சில நண்பர்களோடு சேர்ந்து ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தைத் தொடங்கினார். முதலில் அது ஜெபக் கூட்டமும் வேதப் பாடமும்தான். பிறகு இங்கிலாந்துப் பள்ளிகளில் கிரிக்கெட்டும் கால்பந்தும் ஒழுக்கப் பாடமாகவே மாறின. நல்ல கிறிஸ்தவன் திடகாத்திரனாகவும் இருக்க வேண்டும் என்று பாதிரிமார்களே எழுதத் தொடங்கினார்கள்.

இந்தியாவுக்கு அந்தக் கொள்கை முதலில் வந்த விதம் அவ்வளவு அழகானதல்ல. 1891-இல் ஸ்ரீநகரின் மிஷன் பள்ளித் தலைமையாசிரியர் டிண்டேல் பிஸ்கோ ஒரு தோல் கால்பந்தைக் கொண்டுவந்தார். தோலைத் தொட மாட்டோம் என்றார்கள் பண்டிதர் வீட்டுப் பையன்கள். அவர் தடியோடு ஆசிரியர்களை நிறுத்திவைத்து விளையாட வைத்தார். ஆட்டம் நடந்தது, அழுகையும் நடந்தது.

அதே ஆண்டு, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் வேறு வழி ஒன்று பிறந்தது. அங்கே உடற்பயிற்சித் துறையை நடத்தியவர் லூதர் கூலிக். ஹவாயில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை, பெயரிலேயே சீர்திருத்தத் தந்தையைச் சுமந்தவர். உடல், மனம், ஆன்மா மூன்றும் சமபக்க முக்கோணம் என்றார் அவர். ஒரு பக்கம் குறைந்தால் உருவமே நிற்காது. ஒய்.எம்.சி.ஏ.வின் முத்திரையில் இன்றும் இருக்கும் சிவப்பு முக்கோணம் அதுதான். பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஓர் ஆட்டம் வேண்டும் என்று கூலிக் கேட்க, இறையியல் படித்துவிட்டு அங்கே வந்திருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடை இரண்டைப் பால்கனியில் மாட்டிக் கூடைப்பந்தை உருவாக்கினார். 1895-இல் பக்கத்து ஊரான ஹோலியோக்கில், மூச்சு வாங்கும் நடுவயதுக்காரர்களும் ஆடத் தோதாக, ஒருவரை ஒருவர் இடிக்காத கைப்பந்தை வில்லியம் மார்கன் அமைத்தார். நாம் வெறும் விளையாட்டு என்று நினைக்கும் இரண்டு ஆட்டங்களும் புராட்டஸ்டன்ட் இயக்கம் ஒன்றின் பட்டறையில் திட்டம் போட்டுச் செய்யப்பட்டவை. பக் படித்ததும் அந்த ஸ்பிரிங்ஃபீல்டில்தான்.

பாரிமுனையில் ஐந்து பேர்

தமிழ் மண்ணில் புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் அதற்குள் இருநூறு ஆண்டு வேலை பார்த்துவிட்டிருந்தார்கள். சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடி வந்தார், 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. பிறகு பள்ளிகள், அகராதிகள், ஆஸ்பத்திரிகள் என்று வரிசையாக வந்தன. அவர்களுக்கு வசப்படாமல் நின்றது சாதி. ஞானஸ்நானம் பெற்றவர்களும் கோவிலில் தனித்தனி இடத்தில் உட்கார்ந்தார்கள். 1833-இல் பிஷப் வில்சன் சாதி வேற்றுமையை உடனே விட வேண்டும் என்று உத்தரவிட, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே எதிர்த்து நின்றார். 1850-இல் மதராஸ் மிஷனரி மாநாடு இன்னும் கடுமையாகத் தீர்மானம் போட்டது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்தில் கை நனைப்பவர்தான் உண்மைக் கிறிஸ்தவர் என்று சோதனை வைத்தார்கள். சோதனையில் தேறியவர்கள் இருந்தார்கள், சபையை விட்டே வெளியேறியவர்களும் இருந்தார்கள்.

மதராசில் ஒய்.எம்.சி.ஏ. 1890-இல் அமெரிக்கர் டேவிட் மெக்கானகியால் தொடங்கப்பட்டது. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே நிற்கும் செங்கல் சிவப்புக் கட்டடம் 1900-இல் எழுந்தது. பணம் கொடுத்தவர் ஃபிலடெல்ஃபியா கடை முதலாளி ஜான் வானமேக்கர், கட்டிக்கொடுத்தவர் நம்பெருமாள் செட்டி. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னால் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் ஆன வி.எஸ். அசரியா, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத்தான் பொது வாழ்வைத் தொடங்கினார். சேலத்துக்காரர் கே.டி. பால் 1916-இல் அந்த இயக்கத்தின் முதல் இந்தியப் பொதுச் செயலாளர் ஆனார். வெள்ளைக்காரர் தயவில் நடக்கும் சங்கமாக அது இருக்கக் கூடாது, கிராமத்துக்கும் மற்ற மதத்தாருக்கும் பயன்பட வேண்டும் என்று வாதாடியவர் அவர்.

1919-இல் பக் மதராஸ் வந்து சேர்ந்தபோது இயக்கம் இந்தத் திருப்பத்தில்தான் இருந்தது. அடுத்த ஆண்டே பாரிமுனைக் கட்டடத்தில் ஐந்து பேருக்குப் பயிற்சி தொடங்கிற்று. தானே நூறு பையன்களுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பதைவிட, சொல்லிக்கொடுக்கிறவர்களை உருவாக்குவதே அவர் போட்ட கணக்கு. வந்து சேர்கிறவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

பாரிஸில் இரண்டு பேர்

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் புராட்டஸ்டன்ட் மதத்தின் இரண்டு முகங்கள் ஒரே மைதானத்தில் இருந்தன. ஒருவர் ஸ்காட்லாந்தின் எரிக் லிடெல். நூறு மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று அறிந்ததும் ஓட மாட்டேன் என்று மாதக்கணக்கில் முன்பே சொல்லிவிட்டார். அதற்குப் பதில் 400 மீட்டரில் ஓடி 47.6 விநாடியில் தங்கம் வென்றார். பிறகு சீனாவுக்கு மிஷனரி ஆசிரியராகப் போய், 1945-இல் ஜப்பானியர் முகாமில் இறந்தார். முன்னூறு ஆண்டுப் பழைய பியூரிட்டன் மனசாட்சி அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மற்றவர் இந்திய அணியின் மேலாளராகப் போயிருந்த ஹாரி பக். அந்த அணிக்கு டில்லியில் நடந்த போட்டிகளில் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். பின்னாளில் பெரிய மருத்துவ அதிகாரியான தடை ஓட்டக்காரர் சி.கே. லட்சுமணன் அதில் ஒருவர். திரும்பி வந்தபின் பக்கும் இன்னோர் ஒய்.எம்.சி.ஏ.காரரான டாக்டர் நோஹ்ரனும் மாகாணந்தோறும் ஒலிம்பிக் சங்கங்கள் அமைய அலைந்தார்கள். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானபோது சர் தோராப்ஜி டாடா தலைவர், நோஹ்ரன் செயலாளர்.

லிடெலுக்கு ஓட்டத்தைவிட ஓய்வுநாள் பெரிது. பக் சேர்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு மரபுக்கு ஓட்டமும் ஒரு வழிபாடு. இருவருமே விசுவாசிகள்தான். லிடெலின் கதை உலகப் புகழ்பெற்ற திரைப்படமானது. பக்கின் கதை நம் பள்ளிகளின் டைம் டேபிளில் ஒரு கட்டமாக ஒடுங்கிவிட்டது.

சைதாப்பேட்டை, அன்று

1930-களின் தொடக்கத்தில் கல்லூரி சைதாப்பேட்டைக்குக் குடிபெயர்ந்தது. நந்தனம் என்ற குடியிருப்பு அப்போது கிடையாது. "சைதாப்பேட்டை, மதராஸ்" என்பதுதான் கல்லூரியின் தபால் விலாசம். அறுபது ஏக்கருக்கு மேல் நிலம். நெருக்கடியான பாரிமுனைக்கும் இந்த ஊருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒரு பக்கம் அடையாறு, சுற்றிலும் வயலும் தோப்பும். 1865-இல் அரசு தொடங்கிய மாதிரி விவசாயப் பண்ணை இந்த ஊரில்தான் இருந்தது, அங்கே வளர்ந்த விவசாயக் கல்லூரி 1906-இல் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. வேப்பேரியில் 1856-இல் தோன்றிய ஆசிரியர் கல்லூரி 1880-களிலேயே சைதாப்பேட்டைக்கு வந்துவிட்டிருந்தது. எஸ். ராதாகிருஷ்ணன் ஆசிரியப் பயிற்சி பெற்றது அங்கேதான். ஆக, பாடம் நடத்துகிற வாத்தியாருக்கும் பந்து ஆட வைக்கிற வாத்தியாருக்கும் பயிற்சி கொடுக்கிற இரண்டு கல்லூரிகளும் ஒரே சாலையில், கூப்பிடு தூரத்தில் அமைந்தன.

கிறிஸ்தவம் சைதாப்பேட்டைக்குப் புதிதல்ல. அப்போஸ்தலர் தோமா ஒரு குகையில் தங்கியதாக நம்பப்படும் சின்னமலையில் போர்ச்சுகீசியர் 1551-இல் கோவில் கட்டினார்கள். பரங்கிமலைக்குப் போகும் யாத்ரிகர்களுக்காக ஆர்மேனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726-இல் தன் கைப்பணத்தில் அடையாற்றின் மீது மர்மலாங் பாலம் கட்டினார். குகை, கோவில், பாலம் என்று நின்ற அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது, பீடமோ சிலையோ இல்லாத ஒரு வெட்டவெளி.

அங்கே பயின்றவர்களுக்குப் பக் கொடுத்த ஆயுதம் விசில். டிரில் மாஸ்டரின் பிரம்புக்கும் இந்த விசிலுக்கும் பெரிய தூரம் உண்டு. பிரம்புக்கு ஆள் முக்கியம், யார் தப்புச் செய்தான் என்று பார்க்கும். விசிலுக்கு விதி முக்கியம், எது தப்பு என்று மட்டும் பார்க்கும். ஊதியவுடன் ஆட்டம் நிற்கும், பந்து கைமாறும், ஆட்டம் தொடரும். அடி இல்லை, அவமானமும் இல்லை. ஆகவேதான் கல்லூரிக்கு விதி எழுதுகிற வேலை பெரிய வேலையாயிற்று. விளையாட்டு விதிகளைத் தொகுத்துப் பக் வெளியிட்ட நூல் நாடெங்கும் உடற்கல்வி ஆசிரியர்களின் கைப்புத்தகமாக இருந்தது. சடுகுடு போன்ற நாட்டு ஆட்டங்களுக்கும் கோடு போட்டு, நேரம் வகுத்து, எண்ணிக்கை சொல்லி அதில் இடம் கொடுத்தார்கள். கல்லூரியின் இதழுக்கு வைத்த பெயரும் 'வியாயாம்' என்ற இந்தியப் பெயர்தான். சுதேசிகள் சும்மா இருக்கவில்லை. அமராவதியின் ஹனுமான் வியாயாமப் பிரசாரக மண்டலி 1914 முதல் தனி வழியில் நடந்து, 1936-இல் பெர்லின் வரை போய்க் கபடி ஆடிக் காட்டிற்று. இரண்டு ஓட்டங்களும் கலந்ததுதான் இன்றைய இந்திய உடற்கல்வி.

சடுகுடுவில் ஒருவனைத் தொடாமல் ஆட முடியாது. கைப்பந்தில் ஆறு பேரும் சுற்றிச் சுற்றி இடம் மாற வேண்டும், சர்வீஸ் போட எல்லோருக்கும் முறை வரும். சேர்ந்து உண்பதைச் சோதனையாக வைத்தும் மிஷனரி மாநாட்டால் சாதிக்க முடியாத நெருக்கத்தை, ஆட்டத்தின் விதி ஒரு வார்த்தை பேசாமல் கேட்டு வாங்கியது. அதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. தெருவுக்கு ஒரு டீம், சாதிக்கு ஒரு ஜெர்சி என்று ஆடுகிற ஊர்கள் இன்றும் உண்டு. ஆனால் பள்ளி மைதானத்தில் டீம் பிரிப்பது ஒற்றை எண், இரட்டை எண் என்ற கணக்கில்தான். ஒரு மணி நேரத்துக்காவது அந்தக் கணக்கு செல்லுபடியாகும்.

பக் 1943-இல் மதராசிலேயே காலமானார். அவருக்குப் பின் மனைவி மேரி பக் கல்லூரிப் பணியைத் தொடர்ந்தார். அதற்குள் விதை பரவிவிட்டிருந்தது. ஹைதராபாத்தில் 1931-இலும் லக்னோவில் 1932-இலும் பம்பாயின் காண்டிவலியில் 1938-இலும் உடற்கல்விப் பயிற்சி நிலையங்கள் வந்தன. சுதந்திரத்துக்குப் பின் 1957-இல் மத்திய அரசே குவாலியரில் தேசியக் கல்லூரி ஒன்றைத் திறந்தது.

சைதாப்பேட்டை, இன்று

உஸ்கானின் பாலம் போய் 1966-இல் மறைமலையடிகள் பாலம் வந்தது. 2018 மே மாதம் சைதாப்பேட்டைக்கும் நந்தனத்துக்கும் மெட்ரோ வந்தது. வயலும் தோப்பும் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடியும் அரசு அலுவலகமும். அடையாறு ஆண்டில் பெரும்பாலும் கறுத்த நீரோடையாகக் கிடக்கிறது. 2015 டிசம்பரில் மட்டும், தானும் ஓர் ஆறுதான் என்று நினைவூட்டி, பாலத்தின் மேல் போக்குவரத்தையே நிறுத்தியது. அதன்பின் கரையோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. நகரத்தின் நடுவில் இவ்வளவு திறந்த மண் மிச்சமிருப்பதே அதிசயம் என்னும்படி, ஒய்.எம்.சி.ஏ. வளாகம் மட்டும் நிற்கிறது.

கல்லூரி மூடப்படவில்லை. ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்ற பெருமையோடு இன்றும் பட்ட வகுப்புகள் நடக்கின்றன. காலையில் டிராக்கில் ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். உடற்கல்விக்கென்றே மாநில அரசு ஒரு பல்கலைக்கழகம் அமைத்து, சென்னைக்கு வெளியே மேலக்கோட்டையூரில் நடத்துகிறது. மாவட்டந்தோறும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் நடக்கின்றன. பக் காலத்தில் கனவிலும் எண்ண முடியாத பணம் விளையாட்டில் புரள்கிறது. புழுதியில் ஆடிய சடுகுடு 2014 முதல் புரோ கபடியாகி, மெத்தையின் மேல், விளக்கு வெளிச்சத்தில், தொலைக்காட்சியில் வருகிறது. 2017-இல் தமிழ் தலைவாஸ் என்று நமக்கும் ஓர் அணி வந்தது.

கைப்பந்து இன்னும் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. மணிலாவில் ஒய்.எம்.சி.ஏ. அறிமுகம் செய்த இந்த ஆட்டத்தில், 1916 வாக்கில் பிலிப்பைன்ஸ்காரர்கள் பந்தை உயர்த்திக் கொடுத்து ஓங்கி அடிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். இன்று நம் தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் திருவிழாவை ஒட்டி நடக்கும் இரவு ஆட்டத்தைப் பாருங்கள். நான்கு கம்பத்தில் ஃபோகஸ் லைட், சுண்ணாம்புத் தூளில் கோடு, இரண்டு கம்பத்துக்கு நடுவே நெட், மைக்கில் ஊர்ப் பிரமுகர்களின் பெயர் வாசிப்பு. உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து விசில் ஊதுகிறவர் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளியின் பி.டி. மாஸ்டர். அவர் ஊதினால் அந்தக் கூட்டமே கட்டுப்படும். ஹோலியோக் நடுவயதுக்காரர்களுக்காகச் செய்த ஆட்டம் என்று அங்கே யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பீரியடின் கதி

அதே மாஸ்டரை மறுநாள் காலையில் பள்ளியில் பார்த்தால் கதை வேறு. பிரேயரில் வரிசையைச் சரிசெய்வது அவர். தாமதமாக வருகிறவனைக் கேட்டில் நிறுத்துவது அவர். தலைமுடியை ஒட்ட வெட்டாதவனைப் பிடிப்பது, சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பம் நடுவது, ஆண்டு விழாவுக்குப் பந்தல்காரரோடு பேசுவது எல்லாம் அவர்தான். பக் ஒழிக்க நினைத்த டிரில் மாஸ்டர் வேலை, பட்டம் வாங்கிய பிறகும் அவர் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

பணி நிலைமையும் மெச்சும்படி இல்லை. 2012-இல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் ரூ.5,000 சம்பளத்தில் நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. பின்னால் சம்பளத்தைச் சற்றுச் சற்றாக உயர்த்தினார்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கு வந்து போராடுவதும், அதிகாரிகள் பேச்சு நடத்தி அனுப்புவதும் ஆண்டுதோறும் நடக்கும் சடங்காகிவிட்டது. சொற்பச் சம்பளத்துக்குப் பழைய சிப்பாயைப் பிடித்துவந்த காலத்துக்கே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

பீரியடுக்கு என்ன ஆயிற்று? பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அது டைம் டேபிளில் மட்டும் இருக்கும். ஜூலை வரை தாக்குப்பிடிக்கும். காலாண்டுத் தேர்வு நெருங்கியதும் கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நிற்பார். "போர்ஷன் முடியல, பி.டி. பீரியடைக் கொடுங்க சார்." பி.டி. மாஸ்டர் கொடுத்துவிடுவார். கொடுக்க மாட்டேன் என்றால் ரிசல்ட் வராததற்கு அவரைக் காரணம் காட்டுவார்கள். விளையாட்டுத் துறை அமைச்சரானபின் உதயநிதி ஸ்டாலினே மேடையில் ஆசிரியர்களிடம் பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை இருந்தது. கைதட்டலில் மாணவர்கள் முன்னால் நின்றார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நகரத்துத் தனியார் பள்ளிகள் பலவற்றில் கடன் வாங்கும் பிரச்சினைகூட இல்லை. மைதானமே இல்லாத இடத்தில் எதைக் கடன் வாங்குவது? வேன் நிற்கிற சிமென்ட் தரையில் இருபது நிமிடம் யோகா, அதோடு சரி. வசதியுள்ள பெற்றோர் மாலையில் பிள்ளையை அகாடமியில் சேர்த்துப் பணம் கட்டுகிறார்கள். கால்பந்துக்கு ஒன்று, ஷட்டிலுக்கு ஒன்று. செயற்கைப் புல்தரையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஆடுகிறது ஒரு கூட்டம். வசதியில்லாத பிள்ளைக்கு இருந்த ஒரே விளையாட்டு வாய்ப்பு, பள்ளிக்கூடம் கொடுத்த அந்த ஒரு மணி நேரம்தான். அதுவும் கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு போக்கு இல்லை.

மிஞ்சியது

பக்கை இங்கே யாரும் ஞானஸ்நானக் கணக்கில் நினைவு வைத்திருக்கவில்லை. மிஷனரிகளின் பழைய அளவுகோலில் அது தோல்வி. ஆனால் மதத்தில் பிறந்த ஒரு கருத்து மதத்தைக் கழற்றிவைத்துவிட்டு ஊர்ப் பொதுச்சொத்து ஆகும்போதுதான் சீர்திருத்தம் முழுமை பெறுகிறது. சீகன்பால்கு கையாண்ட அச்சுக் கலையைப் பின்னாளில் சைவ மடங்களும் நாத்திகர்களும் தங்கள் நூல்களுக்குப் பயன்படுத்தினார்கள். பக் வகுத்த பயிற்சியில் தேறிய இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஊர் ஊராகப் போய் விசில் ஊதினார்கள். உடம்பால் உழைப்பது ஒரு சாராருக்கு விதித்தது, படிப்பு மற்றொரு சாராருக்கு உரியது என்ற பழைய பிரிவினையை, ஒரே பள்ளி, ஒரே சீருடை, ஒரே மைதானம் என்று அவர்கள் கொஞ்சமாவது தளர்த்தினார்கள். முக்கோணத்தின் ஆன்மாப் பக்கம் உதிர்ந்துபோனதில் யாருக்கும் வருத்தமில்லை. இப்போது உதிர்வது உடற்பக்கம்.

பி.டி. பீரியட் வேரூன்றியதற்கும் இப்போது தேய்வதற்கும் காரணம் ஒன்றுதான். பி.டி.க்கு மார்க் கிடையாது. மார்க் இல்லாததால் கடைசி பெஞ்சுப் பையனும் அங்கே முதல் ஆளாக நிற்க முடிந்தது. கணக்கில் பூஜ்யம் வாங்குகிறவளைக் கபடி டீமில் கேப்டனாக்க முடிந்தது. மார்க் இல்லாததால்தான் யார் கேட்டாலும் அதை எடுத்துக்கொடுத்து விடுகிறோம். இதற்கு மார்க் வைத்துத் தேர்வாக்கிவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. அதைச் செய்தால் பீரியட் பிழைக்கும், விளையாட்டு செத்துவிடும்.

வேண்டியது சின்னக் காரியம். பள்ளி மேலாண்மைக் குழுவிலோ பெற்றோர் கூட்டத்திலோ மார்க்கைப் பற்றியே கேட்டுப் பழகிவிட்ட நாம், அடுத்த முறை ஒன்று கூடுதலாகக் கேட்கலாம். போன வாரம் எத்தனை பி.டி. பீரியட் இருந்தது, எத்தனை நடந்தது? கணக்கு வாத்தியாருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். பி.டி. மாஸ்டர் பக்கத்தில் நின்றால், தனக்காக ஒருவர் வாய் திறந்தார் என்பதை அவர் மறக்க மாட்டார்.